வேலி இருந்தால் பொட்டு இருக்கும்

லண்டன் அப்டன் பார்க்கில் ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அளவில் இருந்த கடையை எடுத்து, பக்கத்துச் சுவரை உடைத்து, அதற்கடுத்த சுவரையும் உடைத்து, மரக்கறிக்கு ஒரு வாசல், மீனுக்கு ஒரு வாசல், சீலைக்கு ஒரு வாசல் என்று ஆக்கியவன் நான். சட்டனில் ஒருவரும் விலை கேட்காத ஒரு வீட்டை வாங்கி, கூரை ஓட்டிலிருந்து குளியலறைக் குழாய் வரை என் கையாலேயே பூட்டினேன். அந்த வீடு நிற்காது என்று சொன்ன கட்டட இன்ஜினியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வீடு நிற்கிறது. ஆர்ச்வேயில் முருகனுடைய தேர் வெளியே வருகிற நாளில் மோர் கரைத்துக் கொடுக்கிறவர்களில் விடிய முதலே போய் நிற்கிற ஆள் நான். இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி டொக்டர், மற்றவள் சட்டத்தரணி. நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இந்த மலரை வெளியிடுகிற நடைக் கழகத்துக்கு முதலாவது வான் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதன் கதவு ஒரு பக்கம் திறக்காது என்று குறை சொன்னவர்கள் எல்லோரும் மற்றப் பக்கத்தால் ஏறி இருந்து போனார்கள்.

இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கடைசியில் நான் ஒரு விஷயம் கேட்கப் போகிறேன். கேட்கிறவன் சும்மா ஆள் இல்லை என்று முதலே தெரிந்திருப்பது நல்லது.

கழகத்தைத் தொடங்கி வைத்தவரைப் பற்றி ஒரு சொற்சித்திரம் எழுதித் தரும்படி மலர்க் குழு என்னிடம் கேட்டது. அவர் இப்போது மன்னாரில் இருக்கிறார். தொலைபேசியில் எடுத்து எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை. என்ரை பேரை மட்டும் போடாதையுங்கோ" என்றார்.

ஆகவே பெயர் இல்லை. சட்டனில் அவருக்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. டிறைவிங் ரீச்சர் என்றால் போதும். அங்கே கார் ஓட்டுகிற தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். மீதிப் பேர் அவர்களிடம் பழகியவர்கள்.

என் மனைவிக்குக் கார் ஓட்டப் பழக்க நான் எடுத்த முயற்சி ஒரு ஞாயிறு காலையில் தொடங்கி அன்று மத்தியானமே முடிந்தது. பிறகு கொஞ்ச நாள் வீட்டில் கதை பேச்சு இல்லை. அப்போதுதான் ரீச்சரைப் பிடித்தோம். கழுத்தில் மாதா சுரூபம், காலில் ஓட்டச் சப்பாத்து, மடியில் ஒரு பெட்டி அவித்த மரவள்ளிக்கிழங்கு. முதல் நாள் நான் பின் சீட்டில் ஏறி இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் இருக்கலாம். ஆனால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேக்க வேணும்" என்றார். என்னோடு அப்படிக் கதைத்த ஆட்கள் குறைவு.

பெரிய சுற்றுவட்டம் ஒன்றில் மனைவி காரை நிறுத்திவிட்டாள். வலது பக்கத்தால் கார்கள் வந்துகொண்டே இருந்தன. பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். ரீச்சர் கிழங்கைக் கடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்:

"அண்ணி, ஓடுற காரைப் பாக்காதையுங்கோ. அதெல்லாம் வேலி. வேலி எண்டு இருந்தால் பொட்டு இருக்கும். பொட்டைப் பாருங்கோ. வருது. வருது. இந்தா பொட்டு, போங்கோ."

மனைவி போனாள். பரீட்சையில் முதல் தரமே பாஸ். அதோடு விட்டதா? ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் கடைக்கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, "உங்கட கதையிலை ஒரு பொட்டும் வருதில்லை, நான் எப்ப உள்ளுக்கு வாறது?" என்று கேட்டாள். ரீச்சர் பழக்கியது கார் மட்டுமில்லை.

இந்தப் பொட்டு என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத் தமிழில் பொட்டு என்றால் வேலியில் விழுந்த ஓட்டை. நாய் நுழையும், கோழி நுழையும், அவசரத்துக்கு மனிசரும் நுழைவார்கள். லண்டனுக்கு வர முதல் நான் சில வருடம் சென்னையில், வடபழனிப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தேன். ஒரு நாள் வீட்டுக்கார அம்மாவிடம், "அம்மா, பின் வேலியிலை பொட்டு இருக்குது, பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். ஆடு வந்து செடியைத் தின்கிறதே என்ற நல்ல எண்ணத்தில் கேட்டது. அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வேலியில பொட்டா? யாருப்பா வச்சது? சிவப்பா, கறுப்பா?"

"நிறம் தெரியேல்லை அம்மா. ஆனால் பெரிசு. ஆடு போகும்."

அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் வந்தது, மிளகாய் வந்தது, செய்வினை எடுக்கிற ஆள் ஒருவரும் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வாயில் எடுக்க முதல் கேட்கிறவர் எந்த ஊர் என்று பார்ப்பேன். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர மாட்டார்கள். அறை வாடகைக்கு இருந்துதான் படிக்க வேண்டும்.

ரீச்சருக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்கு உலகம் முழுக்க வேலியும் பொட்டும்தான். கோயிலில் அன்னதான வரிசை வீதி வரை நிற்கும். அவர் சமையற்கட்டுப் பக்கத்தால் போய், இரண்டு வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்படியே இலையோடு இருந்துவிடுவார். யாராவது கேட்டால், "நான் வேதக்காரி, எனக்கு உங்கட வரிசை தெரியாது" என்பார். வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர். அவருடைய மாதா கோயில் பெருநாளில் அதே வேலையைச் செய்துவிட்டு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் ஏதாவது ஒன்று இருந்திருக்கும்.

இதை எல்லோரும் ரசித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். "அவவுக்கு வரிசை எண்டால் என்னெண்டு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்று முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் இருந்தார்கள். எனக்கும் ஒருமுறை கோபம் வந்தது. என் மூத்த மகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன் வாசலில் வரவேற்பில் நிற்கும்போது, இவர் பின் கதவால் வந்து முதல் பந்தியில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"பிள்ளை, முன் வாசல் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது அண்ணை. பன்னீர் தெளிக்கிற பிள்ளையள் களைச்சுப் போய் நிண்டதுகள். இன்னொரு ஆளுக்கும் தெளிக்க வைக்கிறது பாவம் எண்டு பின்னாலை வந்தனான்."

இப்படிச் சொல்கிறவரோடு என்ன சண்டை பிடிப்பது? ஆனாலும் மனதுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. நேர்வழி திறந்திருக்கும்போதும் ஏன் இந்த மனிசி ஓட்டை தேடுகிறது?

அதற்கு விடை ஒரு நாள் கழக வானில் வரும்போது கிடைத்தது. கார் ஓட்டப் பழகிய பெண்கள் ஓட்டிப் போக ஒரு இடம் வேண்டும் என்று ஞாயிறுகளில் லண்டனுக்கு வெளியே உள்ள மேடுகளுக்குப் போகத் தொடங்கி, போன இடத்தில் சும்மா நிற்க ஏலாமல் நடக்கத் தொடங்கி, அப்படித்தான் எங்கள் கழகம் உண்டானது. ஒரு மேட்டில் இருந்து திரும்பும் வழியில், ரோட்டோரம் இருந்த முள்ளுக்கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒருவரும் கேட்காமலே சொன்னார்:

"நான் ஐரோப்பாவுக்குள்ள வந்ததே ஒரு பொட்டாலைதான் அண்ணை. கம்பி வேலி. ஏஜென்சிக்காரன் கம்பியைத் தூக்கிப் பிடிச்சான். குனிஞ்சு போகேக்கை தலைமயிர் கொழுவிப் போச்சு. அவன் எடுத்து விடேல்லை. பிச்சு விட்டான்."

"எந்த நாட்டு எல்லை அது?"

"ஆருக்குத் தெரியும்? குனிஞ்சு போறவளுக்கு ரெண்டு பக்கமும் மண்தான் தெரியும்."

பிறகு, "ஒருக்கா பட்டப்பகலிலை, சீப்பாலை தலை இழுத்து, நிமிந்து ஒரு எல்லையைக் கடக்க வேணும்" என்றார். "விமானத்திலை போனால் அது கணக்கில்லை. எல்லை காலுக்குக் கீழை இருக்க வேணும்."

நான் வாக்குக் கொடுக்கிறவன் இல்லை. கொடுத்தால் செய்வேன். "அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அவருடைய தம்பி ஒருவர் சுவிஸில் மலைச் சத்திரம் ஒன்றில் சமையல். ரேட்டிகோன் என்கிற மலைத்தொடருக்கு அடியில் இருக்கிறது அந்தச் சத்திரம். நாங்கள் முதல் தரம் போய் இறங்கியபோது முகில் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் சுவர் சுவராக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, பார்க்கிற தூரத்துக்கு முனைகள் நின்றன. இந்தப் பக்கம் சுவிஸ், அந்தப் பக்கம் ஒஸ்ரியா. முனைக்கு முனை இழுத்த கோடுதான் எல்லை.

தம்பி சமையல் சட்டையோடு வெளியே வந்து விரலால் காட்டினார். "அந்தப் பெரிய முனைக்கு மூண்டு வழி அக்கா. வடக்காலை பனி ஓடைக்குள்ளாலை நடந்து ஏறலாம். தெற்காலை எண்டால் கயிறு வேணும். நடுச் சுவர் எண்டால் கயிறு இருந்தும் எல்லாராலையும் ஏலாது. இஞ்சாலை வரிசையா நிக்கிறது சின்னக் கோயில் முனையள் எண்டு இவங்கள் சொல்லுவாங்கள், கோயில் கோபுரம் மாதிரி எண்டு."

கோயில் என்றதும் எனக்கு உற்சாகம் வந்தது. "குன்று இருந்தால் குமரன் இருப்பான்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணை, உங்கட ஆள் மேலை இருக்கட்டும்" என்றார் ரீச்சர். கண்ணை அந்த முனைகளில் இருந்து எடுக்கவில்லை. "வேலிக்குக் கதியால் நட்ட மாதிரியெல்லே நிக்குது. இது வேலி. தம்பி, இதிலை பொட்டு எங்கை?"

தம்பி சிரித்தார். கோயில் முனைகளுக்கும் அடுத்த பெருஞ்சுவருக்கும் நடுவே, பல் விழுந்த இடம் மாதிரி ஒரு வெட்டுத் தெரிந்தது. "அதுதான். சுவிஸ் வாசல் எண்டு பேர்."

"பாத்தீங்களே அண்ணை, இவங்களும் பொட்டுக்குப் பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை என் மகளின் கல்யாணப் பாயாசத்துக்குக்கூட நான் காணவில்லை.

அந்த முறை மழை பிடித்துக்கொண்டதால் ஏறவில்லை. லண்டனுக்குத் திரும்பியதும் அவர் உள்ளக மலையேற்றச் சுவர் ஒன்றில் போய்ச் சேர்ந்தார். நானும் சேர்ந்தேன். பேரப்பிள்ளைகளை விளையாட்டுக்குக் கூட்டி வந்த தாத்தாமார் எல்லாம் வாங்கில் இருக்க, சுவருக்குக் கீழே இடுப்புப் பட்டி கட்டி நின்ற தாத்தா நான் ஒருவன்தான். ஏறுகிறவர் விழுந்தால் கீழே நின்று கயிற்றைப் பிடிக்கிற வேலை எனக்கு. பழக்கியவர், என் கையைப் பார்த்துவிட்டு, இது எங்கே வேலை செய்த கை என்று கேட்டார். வெங்காய மூட்டை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கயிற்றுக்கு விளங்கியது.

அடுத்த கோடையில் மூன்று பேர் போனோம். ரீச்சர், நான், என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த சென்னைக்காரர். கணினி வேலை, நாற்பது வயது, நல்ல மனிசன், கால் மட்டும் நாக்கைவிட வேகம். வாசலைக் கடந்து மற்றப் பக்கம் போய், அங்கே கயிறு போட்டு ஒரு சின்ன முனையில் ஏறி இறங்குவது எங்கள் திட்டம். கயிறும் பட்டிகளும் என் பையில். ரீச்சரின் பையில் பாஸ்போட், சீப்பு.

காலையில் சத்திரத்தில் இருந்து புறப்பட்டுச் சுவர்களின் அடியால் நடந்தோம். மேலே வெட்டுத் தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே என் முழங்கால் ஒரு ஓய்வு கேட்டது. சென்னைக்காரருக்கு நிற்க முடியவில்லை. ரீச்சர் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நீங்கள் முன்னாலை போங்கோ. இப்பிடியே போக ஒரு பொட்டு வரும். பொட்டைப் பிடிச்சுக்கொண்டு ஏறி நில்லுங்கோ. நாங்கள் வாறம்."

"பொட்டு. சரிக்கா, புரிஞ்சுது" என்று அவர் போய்விட்டார்.

நான் அப்போது சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. நாங்கள் மறுபடி நடக்கத் தொடங்கிக் கொஞ்சத்தில் முகில் இறங்கியது. மலை முகில் நம்மூர் மழை மாதிரிச் சொல்லிக்கொண்டு வராது. எனக்கு முன்னால் நடந்த ரீச்சரின் பை தெரிந்தது, பிறகு அதுவும் மங்கியது. வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது இரண்டு பக்கத்துக் கல்லும் தெரியவில்லை. அங்கே ஒருவரும் இல்லை.

"தம்பி" என்று ரீச்சர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. குளிர் எலும்புக்குள் போனது. அந்த மனிசன் போட்டிருந்தது ஒரு மெல்லிய சட்டை.

"பொட்டாலை போய் அங்காலை இறங்கிட்டார் அண்ணை. பாதை தெரியாமல் கீழை போறார்" என்று சொல்லிக்கொண்டே ரீச்சர் ஒஸ்ரியாப் பக்கம் ஓடத் தொடங்கினார். குனிந்து, கையால் கல்லைப் பிடித்துப் பிடித்து, சரிவில் இறங்கினார். எத்தனையோ வருடமாக நிமிர்ந்து கடக்க நினைத்த எல்லையைக் குனிந்து கடந்துவிட்டார். அது அவருக்குத் தெரியவும் இல்லை. அந்த மனிசன் என்ன ஆவாரோ என்ற பயம் அவ்வளவு. கூட்டிக்கொண்டு வந்தது அவர். போகச் சொன்னதும் அவர்.

நான் ஓடவில்லை. ஓடுகிற முழங்கால் இல்லை என்பது ஒன்று. யோசிக்காமல் நான் எதையும் உடைத்ததும் இல்லை, கட்டினதும் இல்லை என்பது மற்றது. வாசல் கல்லில் இருந்து யோசித்தேன். ஆள் வாசலுக்கு வந்திருந்தால் நின்றிருப்பார், சொன்ன சொல் கேட்கிற மனிசன். நிற்கவில்லை என்றால் வாசலுக்கே வரவில்லை. அப்படியென்றால் எந்தச் சொல்லைக் கேட்டு எங்கே போனார்? அப்போதுதான் வடபழனி வீட்டுக்கார அம்மா எலுமிச்சம்பழத்தோடு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, நில்" என்று கத்தினேன். "இஞ்சை வா."

மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அவர் எந்த ஊர்?"

"அண்ணை, இப்ப ஊர் விசாரிக்கிற நேரமே?"

"இதுதான் நேரம். நீ அவருக்கு என்ன சொன்னனீ?"

"பொட்டைப் பிடிச்சுக்கொண்டு ஏறி நிக்கச் சொன்னனான்."

"சென்னையிலை பொட்டு எண்டால் என்ன?"

அவர் கை மெல்ல மேலே போய், சுரூபத்தைத் தாண்டி, வெறும் நெற்றியில் நின்றது.

"ஐயோ மாதாவே" என்றார். "வாற வழியிலை கல்லிலை சிவப்பா இருந்தது."

இருந்தது. நானும் கண்டேன். வாசலுக்குக் கீழே, பாதையில் இருந்து கோயில் முனைகளின் சுவர்ப் பக்கமாக, கல்லுக்குக் கல் சிவப்பு மையால் வட்டமாகப் புள்ளி வைத்திருந்தார்கள். நெற்றிக்கு அளவான பொட்டு. அது சுவரில் கயிறு போட்டு ஏறுகிறவர்களுக்கு அடையாளம். எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை.

திரும்பி இறங்கினோம். ஒரு புள்ளியில் நின்று அடுத்த புள்ளியைத் தேடி, அதில் நின்று அடுத்ததைத் தேடிப் போனோம். சுவர் தொடங்குகிற இடத்தில் கூப்பிட்டபோது மேலே இருந்து பதில் வந்தது.

"இங்கதான்க்கா நிக்கிறேன்."

"ஏதும் அடி பட்டதோ தம்பி?"

"இல்லக்கா. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல."

"என்னத்துக்கு அங்கை ஏறினீங்கள்?"

"நீங்கதானேக்கா பொட்டப் பிடிச்சுட்டு ஏறி நில்லுன்னீங்க. ஒரு பொட்டுகூட விடல."

ஒரு மாடி வீட்டின் கூரை உயரத்தில், கால் வைக்க மட்டும் இடமுள்ள ஒரு விளிம்பில் அவர் நிற்பது முகிலுக்குள் நிழலாகத் தெரிந்தது. கல் ஈரம். நான் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். ரீச்சர் பட்டியைக் கட்டி, இன்னொரு பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். சுவரில் முன்பு ஏறியவர்கள் அடித்துவிட்ட இரும்பு வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கயிற்றைக் கொழுவிக் கொழுவி ஏறினார். ஒரு இடத்தில் கால் வழுக்கியது. கயிறு இழுபட்டது. நான் அசையவில்லை.

"அண்ணை, இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன். நீ போ."

விளிம்பில் ஏறி, அவருக்குப் பட்டி கட்டி, கயிற்றை மேல் வளையத்தால் போட்டு அவரோடு இணைத்தார். மறுமுனை என் கையில். முதலில் இறங்க வேண்டியது சென்னைக்காரர். அவரோ சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது ரிவேர்ஸ் எடுக்கிற வேலை. பின்னாலை பாக்கத் தேவையில்லை. பிறேக் கீழை அண்ணையின்ரை கையிலை இருக்கு. அவர் கனம், அசைய மாட்டார். நீங்கள் மெல்ல இடது காலை விடுங்கோ."

"விழுந்துட்டா?"

"என்னட்டைப் பழகினதிலை ஒருத்தரும் விழேல்லை. மதிலோடை முட்டினவை ரெண்டு பேர். அவ்வளவுதான்."

மேலே இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அழுகை மாதிரியும் இருந்தது. பிறகு இடது கால் வந்தது. அவர் பாரம் முழுக்க என் கையில் வந்து இருந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கால் நிலத்தில் பட்டதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ரீச்சர் கயிற்றை மேலே இழுத்துத் தன்னில் கட்ட, அவரையும் அதே மாதிரி இறக்கினேன்.

தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து மூன்று பேரும் குடித்தோம். சென்னைக்காரர் கல்லில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். ரீச்சருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. கண்ணால் தண்ணி வரும் வரை சிரித்தார். "இனி ஆருக்கும் பொட்டு எண்டு சொல்ல முன்னம் நான் பாஸ்போட் பாக்க வேணும் அண்ணை" என்று என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பி வாசலைப் பார்த்தார். முகில் கிழிந்து, வெட்டுக்கு நடுவே வானம் நீலமாக இருந்தது.

"முதல் ஓடினது கணக்கிலை இல்லை" என்றார்.

மெல்ல ஏறினோம். வாசலுக்கு முன்னால் நின்று பையில் இருந்து சீப்பை எடுத்துத் தலை இழுத்தார். பாஸ்போட்டைக் கையில் எடுத்தார். எல்லைக் கல் ஒன்று முழங்கால் உயரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் கழுத்தில் மணி கட்டிய ஒரு பசு, முன் கால் ஒரு நாட்டிலும் பின் கால் ஒரு நாட்டிலுமாக நின்று புல் மேய்ந்தது. வேறு யாரும் இல்லை. காவல் இல்லை, கதவு இல்லை. அவர் பாஸ்போட்டை விரித்துப் பசுவுக்கு நேரே பிடித்தார். பசு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

"கேக்க ஒருத்தரும் இல்லையே அண்ணை" என்றார்.

நான் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். சட்டைப் பொத்தானைப் பூட்டினேன். கையை நீட்டினேன். பாஸ்போட்டைத் தந்தார். படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன்.

"எங்கையிருந்து வாறீங்கள்?"

"மன்னார்."

"எங்கை போறீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா மற்றப் பக்கம் பாக்க."

"போங்கோ" என்று பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

நிமிர்ந்து, பட்டப்பகலில், தலைமயிர் ஒன்றும் கலையாமல் நடந்து போனார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போதும் நான் நின்று பாஸ்போட் பார்த்தேன்.

அன்று முனை ஏறவில்லை. அடுத்த வருடம் ஏறினோம். உச்சியில் முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தப் பார்த்தேன், காற்று விடவில்லை.

சட்டனை விட்டு அவர் போனதும் அவர் மாதிரித்தான். கழகத்தில் பிரியாவிடை ஒழுங்கு செய்து, மண்டபம் பிடித்து, மாலை கட்டி வைத்திருந்தோம். அதற்கு முதல் கிழமையே விமான நிலையத்தில் இருந்து தொலைபேசி வந்தது. "அண்ணை, கூட்டத்திலை நிண்டு அழ எனக்கு ஏலாது. ஒரு பொட்டுக் கிடைச்சது, வாறன்." இப்போது மன்னாரில் பெண்களுக்குக் கார் பழக்குகிறார். ரோட்டு நிறையக் கழுதைகளாம். "கழுதையளுக்கு நடுவாலை பொட்டுப் பாத்து ஓடப் பழகினால், லண்டன் சுற்றுவட்டம் ஒண்டுமில்லை" என்கிறார்.

இனி நான் கேட்க வந்த விஷயம். இந்த மலருக்குச் சென்னைக்காரரும் அந்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போக முதல் எனக்குக் காட்டினார்கள். நல்ல தமிழ். படித்தவர், எழுதத் தெரியும். அதில் ஒரு வரி: "அந்த மேகத்துக்குள் நான் நிற்கும் இடத்தை அக்கா எப்படியோ தெரிந்துகொண்டு வந்தார்." அவரில் பிழை இல்லை. அவர் சுவரில் நின்றவர், வாசலில் நடந்தது அவருக்குத் தெரியாது. ரீச்சரிடம் கேட்டால் கழுதைக் கதை சொல்வார். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த "எப்படியோ" நான்தான். தேடிப் போய் ஏறி எடுத்தவர் ரீச்சர், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். எங்கே தேட வேண்டும் என்று சொன்னவன் நான், கயிறு பிடித்தவன் நான், எல்லையில் பாஸ்போட் பார்த்தவனும் நான். மலர்க் குழு அந்த ஒரு சொல்லை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை, தகப்பன் பெயரோடு, எழுத்துப் பிழை இல்லாமல் போட வேண்டும்.

பெயர் போட வேண்டாம் என்று சொன்னவர் அவர். நான் சொல்லவில்லை.